பெயரா, கட்டளையா?

பழைய தமிழ்க் கோப்புகளைப் புதிய எழுத்துமுறைக்கு மாற்றும் பணியில் நம் மாணவ நண்பர்கள் சிலர் இந்நாளில் ஈடுபட்டிருக்கின்றனர். சங்க மலர்கள், நாடகப் படிகள், ஆய்வேடுகள் என்று எத்தனையோ எழுத்துகள் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கின்றன. இவற்றை யூனிகோடு முறைக்கு மாற்ற ஒரு சிறிய பேட்ச் கோப்பை எழுதி வைத்துக்கொண்டு, மாற்றவேண்டிய கோப்பைச் சுட்டியால் பற்றி இழுத்து அதன்மேல் விட்டால் வேலை முடிந்துவிடும். விண்டோஸ் கணினியில் இதைவிட எளிய வழி வேறில்லை.

ஆனால் இவ்வழியில் செல்வோர் ஒரு விந்தையைக் காண்பர். நாலைந்து சொற்கள் கொண்ட நீண்ட தலைப்புடைய கோப்புகள் தடையின்றி மாறிவிடும். ஒரே சொல்லில் பெயர் வைத்த கோப்புகளோ சிக்கிக்கொள்ளும். 'கரூர் மாவட்டக் கோயில்கள்' என்பது மாறும், 'கரூர்' மாறாது. கோப்பு கண்ணெதிரே இருக்கும். 'அப்படி ஒரு கோப்பு இல்லையே' என்று திரை சாதிக்கும். நெடிய பெயர் தப்பிக் குறும்பெயர் அகப்படுவானேன்? இதற்கு விடை தெரிந்தால் இத்துறையின் தொல்லைகளில் பாதி தெரிந்ததாகும்.

கோப்பை இழுத்து விடும்போது உள்ளே நடப்பது என்ன? கோப்புறைகளை நமக்குக் காட்டுவது எக்ஸ்ப்ளோரர் என்னும் நிரல். பேட்ச் கோப்பை வாசித்து நடத்துவது ஸி.எம்.டி. என்னும் வேறொரு நிரல். எக்ஸ்ப்ளோரர் நாம் விட்ட கோப்பைத் தூக்கிக்கொண்டுபோய் ஸி.எம்.டி.யிடம் கொடுப்பதில்லை. அதன் முழு முகவரியை ஒரு வரியாக எழுதி, அந்த வரியைத்தான் கொடுக்கிறது. 'இன்ன பேட்ச் கோப்பை இயக்கு. அதற்குரிய பொருள் இது' என்பதே அவ்வரியின் சாரம். ஸி.எம்.டி.யின் கைக்கு வருவது வெறும் எழுத்துச் சரம். அதில் எது பெயர், எது கட்டளை, எது நிறுத்தக்குறி என்பதை அதுவே பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

பிரித்தறிய அது சில விதிகளை வைத்திருக்கிறது. இடைவெளி வந்தால் ஒரு சொல் முடிந்தது. காற்புள்ளி, அரைப்புள்ளி, சமக்குறி ஆகிய மூன்றும் இடைவெளிக்கு நிகரே. & வந்தால் ஒரு கட்டளையே முடிந்தது; அடுத்து வருவது புதிய கட்டளை. ^ என்னும் தொப்பிக் குறி வந்தால், 'இதற்கு அடுத்த குறியை வெறும் எழுத்தாகக் கொள்க' என்று பொருள், தொப்பி மறைந்துவிடும். இவ்விதிகளினின்று ஒரு பெயரைக் காப்பது இரட்டை மேற்கோள் குறி. அதற்குள் வைத்த இடைவெளி, காற்புள்ளி, &, ^ யாவும் வெறும் எழுத்துகளே.

அப்படியானால் எக்ஸ்ப்ளோரர் எல்லாப் பெயர்களையும் மேற்கோளுக்குள் வைத்து அனுப்பினால் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது செய்வது அதுவன்று. முகவரியில் எங்கேனும் இடைவெளி இருந்தால் மட்டுமே மேற்கோளிடும். இடைவெளி இல்லையேல், உள்ளே எத்தனை & இருப்பினும், பெயரை மொட்டையாகவே அனுப்பிவிடும். இடைவெளி ஒன்றுதான் தொல்லை தரும் குறி என்று யாரோ ஒரு காலத்தில் எண்ணியிருக்கிறார்கள் போலும்! கரூர்க் கோயில்கள் தப்பியதன் மர்மம் இதுவே. அதன் பெயரில் இடைவெளி இருந்தது. மேற்கோள் என்னும் குடை கிடைத்தது. ஒற்றைச் சொல்லான கரூர் குடையின்றிப் போய் நனைந்தது.

இங்கே ஓர் ஐயம் எழும். 'கரூர்' என்ற சொல்லில் & எங்கே இருக்கிறது, அரைப்புள்ளி எங்கே இருக்கிறது? தமிழர்க்கே உரிய தொல்லை இது. ஆகையால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

பாமினி என்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடை அணிவித்த எழுத்துரு. கணினியின் நினைவில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. திரையில் வரையும்போது மட்டும் அவை தமிழாகத் தோன்றும். தமிழில் வடிவங்கள் மிகுதி. ஆங்கில விசைப்பலகையில் எழுத்துகள் குறைவு. எனவே நிறுத்தக்குறிகளையும் பிடித்து வேலைக்கு வைத்தார்கள். அரைப்புள்ளி மெய்யெழுத்தின் புள்ளியாயிற்று. காற்புள்ளி 'இ' ஆயிற்று. & என்பது 'ரூ'; சதவீதக் குறி 'மூ'; தொப்பிக் குறி 'டூ'; நட்சத்திரக் குறி 'ழூ'. ஆகவே பாமினியில் 'கரூர்' என்பது எஃப் என்ற ஆங்கில எழுத்து, பின்னர் &, பின்னர் யு என்ற எழுத்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினியில் தட்டிய தலைப்பைப் படியெடுத்துக் கோப்பின் பெயராக ஒட்டினால், இந்த நான்கு குறிகளும் அப்படியே பெயராகிவிடும்.

இனி ஸி.எம்.டி. இதை எவ்வாறு படிக்கும் என்று பாருங்கள். எஃப் வரையில் ஒரு கட்டளை. & வந்துவிட்டது; ஆகவே யு என்று தொடங்குவது மற்றொரு கட்டளை. முதற் பாதியைக் கோப்பின் பெயராகக் கொண்டு நம் பேட்ச் கோப்பு தேடும், கிடைக்காது. பிறகு இரண்டாம் பாதியை ஒரு கட்டளை என்று எண்ணி ஸி.எம்.டி. தேடும், அதுவும் கிடைக்காது. இரண்டு முறையீடுகள் திரையில் வரும்.

'எங்கள் ஊர்ப் பெயரில் ரூ இல்லையே' என்று மைசூர் நண்பர்கள் மகிழ வேண்டாம். 'மைசூர்' என்பதன் முடிவில் ஒரு புள்ளி இருக்கிறது. அது பாமினியில் அரைப்புள்ளி. ஆகவே பெயர் ஒரு துண்டாகவும், அதன் பின்னொட்டு வேறொரு துண்டாகவும் போகும். 'இலங்கை' காற்புள்ளியில் தொடங்கி நடுவே அரைப்புள்ளியும் கொண்டிருக்கிறது. மெய்யெழுத்தின்றித் தமிழ்ச் சொல் ஆக்குவது எளிதன்று. எனவே பாமினியில் பெயர் வைத்த ஒற்றைச் சொற் கோப்புகளிற் பெரும்பாலானவை இக்கண்ணியில் விழுபவையே.

தமிழுக்குப் பொதுவான ஒரு குறியீட்டு முறை அக்காலத்தில் இல்லாமையே இதற்கெல்லாம் அடிப்படை. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்ற இரு முறைகள் முன்வைக்கப்பட்டன. 2010-இல்தான் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அவரவர் எழுத்துருவே அவரவர் மொழியாயிருந்தது. பாமினி ஈழத்தவரிடையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பெருவழக்காயிற்று. கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று குறியீட்டைக் கவனியாது விட்டதன் விலையை நம் தலைமுறை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

கோப்பு மாறாமற்போவதோடு தொல்லை நின்றால் கவலையில்லை. வேறு கோப்பு அழிந்துபோவதும் உண்டு; அதுதான் அஞ்சத்தக்கது. மாற்றும் பணி முடிந்தபின் மூலக்கோப்பை நீக்கிவிட 'டெல்' என்ற கட்டளையைப் பலர் பேட்ச் கோப்பில் சேர்த்து வைக்கின்றனர். (கட்டளைகளை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுக.) 'மலர்' என்ற கோப்புறையில் 'பாடல்&உரை' என்று ஒரு கோப்பும், 'பாடல்' என்று ஒரு உட்கோப்புறையும் இருப்பதாகக் கொள்வோம். கோப்பை இழுத்து விட்டால் பேட்ச் கோப்புக்குக் கிட்டும் பெயர் 'பாடல்' மட்டுமே. அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது! டெல் கட்டளைக்கு ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால், அதனுள் இருக்கும் கோப்புகள் அனைத்தையும் அழிக்கச் சொன்னதாக அது பொருள்கொள்ளும். 'உறுதிதானா?' என்று ஒருமுறை கேட்கும். கேள்வி கேட்காதே என்ற /க்யூ குறிப்பையும் நாம் சேர்த்திருந்தால் அதுவும் கேளாது.

பெயரின் பிற்பாதி கட்டளையாக மாறுவதிலும் ஆபத்து உண்டு. அந்தப் பிற்பாதி கணினியில் உள்ள ஏதேனும் ஒரு நிரலின் பெயராயிருந்தால் அது ஓடத் தொடங்கிவிடும். விளையாட்டாக இதைச் செய்து பார்க்கலாம். தீயவன் ஒருவன் வினையாகவும் செய்யலாம். பேட்ச் கோப்புக்குப் பொருள் அனுப்பும்போது குறிகளைச் சரியாகக் காப்பது வல்லுநர்க்கும் கடினம் என்பதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. 2024 ஏப்ரல் மாதத்தில் ரஸ்ட் என்ற நிரல்மொழியின் அடிப்படை நூலகத்தில் இத்தகைய ஓட்டை இருப்பது வெளியாயிற்று. பாதுகாப்புக் குறைகளை அளக்கும் பத்துப் புள்ளி அளவுகோலில் அதற்குப் பத்தும் கிடைத்தன. வேறு சில மொழிகளின் நூலகங்களிலும் அதே குறை காணப்பட்டது. அவ்வளவு பெரியவர்கள் தடுக்கிய கல்லில் நாமும் தடுக்கினால் வெட்கமில்லை.

இனித் தீர்வுக்கு வருவோம். பேட்ச் கோப்பின் உள்ளே, நாம் விட்ட முதற் பொருளுக்கு %1 என்று பெயர், இரண்டாவது %2, எல்லாம் சேர்ந்தது %*. புதிதாக எழுதுவோர் டெல் %1 என்று எழுதிவிடுகின்றனர். அது கூடாது. "%~1" என்று எழுதவேண்டும். நடுவே உள்ள ~ குறி, எக்ஸ்ப்ளோரர் மேற்கோள் இட்டிருந்தால் அதைக் கழற்றிவிடும். பின்பு நாமே வெளியில் மேற்கோள் இட்டுவிடுகிறோம். இட்டிருந்தாலும் இடாவிட்டாலும் நம் கையில் கிடைப்பது ஒரே வடிவம்.

இவ்வாறு மேற்கோளை நம்புவதற்கு ஓர் உறுதியான அடிப்படை உண்டு. விண்டோஸில் கோப்பின் பெயருக்குள் வரக்கூடாத குறிகள் ஒன்பது: \ / : * ? " < > | என்பன. இரட்டை மேற்கோள் அவற்றுள் ஒன்று. பெயருக்குள் மேற்கோள் வரவே முடியாதாகையால், மேற்கோளிட்ட பெயர் எங்கே முடிகிறது என்பதில் ஐயமே எழாது. சாய்கோட்டுக்கு உள்ள தடை நம் ஊரில் சிலருக்குச் சங்கடம் தருவதையும் சொல்லலாம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்குத் தலைமையிடம் மைசூரே. கல்வெட்டை ஆண்டறிக்கை எண்ணால் குறிக்கும்போது எண்ணையும் ஆண்டையும் சாய்கோட்டால் பிரித்து, 45/1912 என்பதுபோல் எழுதுவது வழக்கம். அதே எண்ணைப் படத்துக்குப் பெயராக இட விண்டோஸ் விடாது. சிலர் காற்புள்ளி இடுகின்றனர்; சிலர் & கூட இடுகின்றனர். இரண்டும் மேலே சொன்ன கண்ணிக்குள் தாமே நடந்து செல்வதாகும். அடிக்கோடோ சிறுகோடோ இட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

"%~1" என்பது அவசியம், ஆனால் போதுமானதன்று. பெயர் மொட்டையாக வந்து காற்புள்ளியில் ஏற்கெனவே உடைந்துவிட்டால், %1-இல் இருப்பது முதல் துண்டு மட்டுமே. அதற்கு மேற்கோளிட்டு என்ன பயன்? ஒரே கோப்பை விடுகிறோம் என்றால் %* கைகொடுக்கும். அதில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் சிதையாமல் முழுவரியாக நிற்கும். & வந்த இடத்தில் அதுவும் உதவாது. பேட்ச் கோப்பு தொடங்குமுன்னரே வரி இரண்டாகிவிட்டதே!

அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தன்னை அழைத்த மூலவரியை ஸி.எம்.டி. ஒரு மாறியில் அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. ஸிஎம்டிஸிஎம்டிலைன் என்பது அம்மாறியின் பெயர். உடையாத முழுப்பெயர் அதில் இருக்கும். ஆனால் அதை இரு சதவீதக் குறிகளுக்கிடையே வைத்து எடுத்தால், எடுத்த மாத்திரத்தில் உள்ளிருக்கும் & மறுபடி வேலையைக் காட்டும்; ஏனெனில் சதவீத முறையில் மதிப்பை ஊற்றிய பின்னரே ஸி.எம்.டி. வரியைப் படிக்கிறது. ஆச்சரியக் குறிகளுக்கிடையே வைத்து எடுத்தால் வரியைப் படித்து முடித்த பின்னரே மதிப்பு வந்து அமரும்; & வாயடைத்துக் கிடக்கும். இம்முறையை 'செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன்' என்ற நீண்ட வரியால் முன்னதாகத் திறந்துவிட வேண்டும். கடைசியில் 'எக்ஸிட்' என்ற கட்டளையை, /பி என்னும் ஒட்டு இல்லாமல், கட்டாயம் எழுத வேண்டும். அப்போது ஸி.எம்.டி. அங்கேயே மூடிக்கொள்ளும், காத்திருக்கும் பிற்பாதி கட்டளையாக ஓட வாய்ப்பே இராது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஆச்சரியக் குறி முறை திறந்திருக்கும்போது %1 வழியாகவோ, ஃபார் சுழலின் மாறி வழியாகவோ வரும் பெயரில் ஆச்சரியக் குறி இருந்தால் அது விழுங்கப்பட்டுவிடும். இரண்டு இருந்தால் இடைப்பட்ட சொற்களும் சேர்ந்தே போகும். மேடைத் தமிழின் வழக்கப்படி தலைப்புதோறும் இரண்டு ஆச்சரியக் குறி இடும் நம் சங்கத்தார் இதைக் கவனித்தல் நலம்.

இவ்வளவு பாடுபட விரும்பாதவர்க்கு ஓர் எளிய உபாயம் சொல்கிறேன். கோப்புகளை எல்லாம் 'பழைய மலர்' என்பதுபோல நடுவே இடைவெளியுள்ள பெயர்கொண்ட ஒரு கோப்புறைக்குள் போட்டுவிடுங்கள். எக்ஸ்ப்ளோரர் பார்ப்பது முழு முகவரியை. அதில் எங்கோ ஓர் இடைவெளி இருந்துவிட்டால் முழுமைக்கும் மேற்கோளிட்டுவிடும். பிறகு கரூரும் மைசூரும் இலங்கையும் சிதையாமல் வந்து சேரும். உள்ளே "%~1" என்று எழுதியிருந்தால் போதும். இரு சதவீதக் குறிகளுக்கிடையே கணினி அறிந்த ஒரு மாறியின் பெயர் அமைந்துவிட்டால் மட்டும் இந்தக் குடையும் காக்காது. அது அரிதினும் அரிது. பெயரில் இடைவெளி வைக்காதே என்று ஆசிரியர்கள் நமக்குச் சொல்லித்தந்திருக்க, இடைவெளியே காவலாகும் இடம் இது ஒன்றுதான் போலும்.

யூனிகோடுத் தமிழில் பெயர் வைத்த கோப்புகளின் நிலை என்ன? இழுத்து விடும் வழியில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டங்களாகத் தெரிந்தாலும் உள்ளே பெயர் செம்மையாகவே செல்லும். இதைக் கண்டு தமிழ்ப் பெயரே ஆகாது என்று முடிவுகட்டுவோர் அவசரக்காரர். தொல்லை வருவது வேறு வழியில். கோப்புகள் மிகுந்திருந்தால் ஒவ்வொன்றாக இழுக்காமல், 'டிர்' கட்டளையால் பெயர்ப்பட்டியல் ஒன்று எடுத்து, அப்பட்டியலைப் படித்து வேலை செய்யும்படி எழுதுவது வழக்கம். பட்டியல் எழுதப்படும்போது ஸி.எம்.டி. 437 போன்ற பழைய மேலைநாட்டு எழுத்து அட்டவணையைப் பயன்படுத்துமாயின், அதில் இல்லாத தமிழெழுத்து ஒவ்வொன்றும் கேள்விக் குறியாகிவிடும். 'தமிழ்' என்ற பெயர் ஐந்து கேள்விக் குறிகளாகும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று கணினிக்கு அது ஐந்து குறிகள். கேள்விக் குறிக்கோ விண்டோஸில் 'எந்த ஓர் எழுத்தும்' என்று பொருள். ஐந்து கேள்விக் குறிகளை அழி என்று டெல் கட்டளைக்குப் போனால், 'தமிழ்' மட்டுமன்று, அதே பின்னொட்டுடன் ஐந்தோ அதற்குக் குறைந்தோ குறிகள் கொண்ட பெயர்கள் யாவும் அழியும். 'மலர்' நான்கே குறிகள், அதுவும் போகும்.

இதைத் தடுக்கப் பேட்ச் கோப்பின் தொடக்கத்திலேயே 'சி-எச்-சி-பி 65001' என்று ஒரு வரி எழுதி, யூனிகோடின் யு.டி.எஃப்.-8 வடிவத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். பேட்ச் கோப்புக்குள்ளேயே தமிழில் ஏதேனும் எழுதியிருந்தால் அக்கோப்பையும் அதே வடிவத்தில் சேமிக்க வேண்டும். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் நோட்பேட் தானாகவே அவ்வாறு சேமிக்கிறது. எவ்வழியாயினும், டெல் என்று எழுதவேண்டிய இடத்தில் முதல் நாள் 'எக்கோ' என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். அழிக்கப்போகும் பெயர்களைத் திரையில் காட்டுவதோடு அது நின்றுவிடும். பெயர்கள் முழுமையாக வருகின்றன என்று கண்ட பிறகு டெல் எழுதலாம்.

பழைய மலர்க் கோப்புகளைத் தேடும் அன்பர்களுக்கு மற்றொரு செய்தி. பாமினியில் 'ஈ' என்பது < குறி. அது பெயரில் வரவே கூடாத ஒன்பதில் ஒன்று. ஆகவே 'ஈரோடு' என்று எவரும் பாமினியில் கோப்புக்குப் பெயரிட்டிருக்க முடியாது. முதலெழுத்தை விட்டுவிட்டுத்தான் சேமித்திருப்பர். மாற்றிய கோப்புகளுக்கிடையே 'ரோடு' என்று ஒன்று கிடந்தால், சாலையைப் பற்றிய கட்டுரை என்று ஒதுக்கிவிடாமல் திறந்து பாருங்கள்.